சிறு பதிப்பகத்தாரின் பாத்திர விளையாட்டு நூல்களில் ஓவியமும் பக்க அமைப்பும்

1. முன்னுரை

ஒரு நூலை மதிப்பிடுங்கால் அதன் சொல்லையும் பொருளையும் ஆராய்வதே நம் மரபு. பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்துள் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் வகுத்துரைத்தார். சுருக்கமும் தெளிவும் அவ்வழகுகளுள் முன்னிற்பன. ஏட்டில் எழுதிப் பயின்ற காலத்து நூல்களுக்கு அவ்வளவைகள் போதியனவாக இருந்தன. எழுத்தும் ஓவியமும் ஒரே பக்கத்தில் அச்சேறும் இக்காலத்திலோ, சொல்லால் மட்டும் இயங்காத நூல்வகைகள் சில தோன்றியுள்ளன. அவற்றின் ஓவியத்தையும் பக்க அமைப்பையும் புறத்தே ஒதுக்கிவிட்டு எஞ்சிய சொற்களை மட்டும் மதிப்பிடுவது, இசையை நீக்கிவிட்டுக் கூத்தை மதிப்பிடுவது போலாகும்.

அத்தகைய நூல்வகை ஒன்றை ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரத்தை ஏற்று, உரையாடலாலும் பகடையாலும் கதையை வளர்க்கும் ஆட்டம் மேலை நாடுகளில் அரை நூற்றாண்டாகப் பயின்று வருகின்றது. அதனை இக்கட்டுரையில் பாத்திர விளையாட்டு என வழங்குவோம். ஆட்டத்தை நடத்துவோரை நடுவர் என்போம். இவ்வாட்டத்துக்குக் காய்களோ பலகையோ இன்றியமையாதன அல்ல, நூலே முதற்கருவி. அந்நூல்களுள்ளும் சிறு பதிப்பகத்தார் வெளியிட்டவற்றில் ஓவியமும் பக்க அமைப்பும் எத்தகையன, அவற்றை எவ்வளவையால் மதிப்பிடுதல் வேண்டும் என்பதே எம் ஆய்வுப் பொருள்.

2. நூலின் இயல்பு

பாத்திர விளையாட்டு நூல் மூன்று தொழில்களை ஒருங்கே செய்ய வேண்டியுள்ளது. முதலாவது, விதிகளைக் கற்பித்தல். இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே தேடுவார்க்கு வேண்டியதை உடனே காட்டுதல். மூன்றாவது, ஆடுவோர் அனைவர்க்கும் பொதுவான ஒரு கற்பனை உலகினை அளித்தல்.

முதல் தொழிலில் இது பாடநூலை ஒக்கும். இரண்டாவதில் அகராதியை ஒக்கும். மூன்றாவதில் இலக்கியத்தை ஒக்கும். பாடநூலை முதலிலிருந்து முடிவுவரை படிக்கிறோம். அகராதியை அங்ஙனம் படிப்பதில்லை. இலக்கியத்தைத் தனியே இருந்து நுகர்கிறோம். இந்நூலோ, படித்தவர் ஒருவரும் படியாதவர் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து பயன்படுத்துவது. பாழடைந்த கோயில் ஒன்றில் அவர்தம் பாத்திரங்கள் நுழைகின்றன எனக் கொள்வோம். ஐவர் உள்ளத்திலும் ஐந்து கோயில்கள் எழும். ஐந்தும் பெரிதும் வேறுபடுமாயின் ஆட்டம் இடறும். ஒருவர் தூணின் பின் ஒளிய விரும்புவார். மற்றவர் கற்பனையில் தூணே இராது. நடுவர் நூலைத் திருப்பி ஓர் ஓவியத்தைக் காட்டின், அவ்வோவியம் ஐவர்க்கும் பொதுச்சான்றாகின்றது. பிற நூல்களில் ஓவியம் சொல்லுக்குத் துணை. இந்நூலில் அது ஆடுவோரிடையே நிகழும் உடன்பாட்டின் உறுப்பு.

இவ்வியல்பிலிருந்து எம் அளவைகள் இரண்டு பிறக்கின்றன. ஓர் ஓவியத்தை நீக்கினால் ஆட்டம் மாறுமாயின் அவ்வோவியம் நூலுக்கு உரியது. மாறாதாயின் அது வெறும் அணி. ஒரு பக்கத்தை நடுவர் ஆட்டத்தின் இடையே திறக்குங்கால் வேண்டிய செய்தி கண்ணுக்கு உடனே புலப்படுமாயின் அப்பக்க அமைப்பு நன்று. புலப்படாதாயின் எத்துணை எழிலுடையதாயினும் அது குறையுடையதே. இனிவரும் பகுதிகளில் இவ்விரண்டையும் சில நூல்களின்மேல் வைத்துக் காண்போம்.

3. தொடக்கக் கால நூல்கள்

இவ்விளையாட்டின் முதல் நூலே ஒரு சிறு பதிப்பகத்தின் வெளியீடு என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில், கேரி கைகாக்சும் டான் கேயும் 1973-இல் டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் இயற்றிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அங்கிருந்து வெளிவந்தது. மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் அடங்கியிருந்தன. முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. விலை 10 டாலர்.

அந்நூலின் பக்க அமைப்பினை இன்று காண்பார் வியப்புறுவர். போர்முறை பற்றிய பகுதி 1971-இல் வெளிவந்த செயின்மெயில் என்னும் வேறொரு நூலை வாசகர் அறிந்திருப்பர் எனக் கொண்டு எழுதப்பட்டது. விதி ஓரிடத்தும் அதற்குரிய விளக்கம் பிறிதோரிடத்தும் கிடந்தன. ஓவியங்களும் பயிலாத கையின் கோடுகளே. அவற்றுள் சில, 1968-இல் வெளிவந்த மார்வெல் சித்திரக்கதை இதழொன்றின் கட்டங்களைப் பார்த்து வரையப்பட்டவை என்பதைப் பின்னாளில் ஆர்வலர்கள் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். பொருளில்லாத பதிப்பகம் பிறர் ஓவியத்தைத் தன்னதாக்கிக்கொள்ளும் சோதனைக்கு உள்ளாவது இந்நூல்வகையின் பிறப்பிலேயே தொடங்கிற்று. இச்செய்தியைப் பின்னர்ப் பயன்படுத்துவோம்.

நிறுவனம் வளர்ந்தபின் ஓவியத்தின் தரமும் உயர்ந்தது. 1978-இல் வெளிவந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்னும் நூலின் மேலட்டையை டேவிட் டிராம்பியர் வரைந்தார். பெரியதொரு சிலை அமர்ந்திருக்கின்றது. அதன் கண்ணிலுள்ள மணியைத் திருடர் இருவர் பெயர்த்தெடுக்கின்றனர். கீழே ஒருவன் வாளைத் துடைக்கின்றான். சிலர் வரைபடத்தை ஆராய்கின்றனர். பல்லி உருவினரின் பிணங்கள் இழுத்துச் செல்லப்படுகின்றன. போர் முன்னரே முடிந்துவிட்டது. போரின் உச்சத்தை வரையாது அதன் பின்னிலையை வரைந்தமையால், இவ்வாட்டம் வெட்டும் குத்தும் மட்டுமன்று, ஆய்தலும் சூழ்தலும் பொருள் கவர்தலும் அதன் உறுப்புகள் என்பதை ஓவியர் ஒரே காட்சியில் உணர்த்திவிட்டார். நூலைத் திறவாத ஒருவரும் மேலட்டையைக் கண்டே தாம் யாது செய்ய வேண்டும் என்பதை உய்த்துணர்வர். எம் முதல் அளவையில் இவ்வோவியம் முழுமையாக நிற்கின்றது.

ஓவியமின்றியும் இத்தொழில் நடைபெறக்கூடும் என்பதற்கு 1977-இல் மார்க் மில்லர் இயற்றிய டிராவலர் சான்று. இல்லினாய் மாநிலத்துக் கேம் டிசைனர்ஸ் ஒர்க்சாப் என்னும் பதிப்பகம் அதனை வெளியிட்டது. மூன்று கரிய புத்தகங்கள். மேலட்டையில் ஒரு சிவப்புக் கோடு. உள்ளே ஓவியம் ஏறத்தாழ இல்லை. இடுக்கணுற்ற வாணிக விண்கலம் ஒன்றின் உதவிக்குரல் சில வரிகளாகப் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அக்கருமை விண்வெளியின் வெறுமையாகவும், அச்சிவப்புக் கோடு ஆபத்தின் குறியாகவும் வாசகர் உள்ளத்தில் நின்றன. பொருட்செலவு மிகாமல் பொருத்தமான வடிவத்தைக் காணுதல் இயலும் என்பதற்கு இதனின் மிக்க எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

4. பக்க அமைப்பு: ஒரே விதி, இரு நூல்

ஓவியத்தின் பயனையும் பக்க அமைப்பின் பயனையும் பிரித்தறிதல் எளிதன்று. ஆயினும் ஒரே விதிகள் இருவேறு காலத்தில் இருவேறு அமைப்பில் அச்சேறிய நிகழ்ச்சி ஒன்று நம் ஆய்வுக்கு வாய்த்துள்ளது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்சின் எளிய வடிவம் 1981-இல் இரு புத்தகங்களாக வெளிவந்தது. முதற்புத்தகத்தை டாம் மோல்டுவே தொகுத்தார். இரண்டாவதை டேவிட் குக்கும் ஸ்டீவ் மார்சும் தொகுத்தனர். ஒவ்வொன்றும் 64 பக்கம். பாத்திரத்தின் முதல் மூன்று நிலைகளுக்குரிய விதிகள் முதற்புத்தகத்திலும், அடுத்த நிலைகளுக்குரியவை இரண்டாம் புத்தகத்திலும் அமைந்தன. கற்பார்க்கு இம்முறை நன்று. எளியது முன்னும் அரியது பின்னும் வருகின்றன. ஆனால் வளர்ந்த பாத்திரத்தை ஆடுவோர் ஒரே செய்தியை இரு புத்தகங்களில் தேட நேர்ந்தது.

இவ்விதிகளையே கேவின் நார்மன் என்பார் தம் நெக்ரோடிக் நோம் என்னும் சிறு பதிப்பகத்தின் வாயிலாக, 2019-இல் ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்னும் பெயரில் மீண்டும் அமைத்தார். புதிய விதி சேர்ப்பது அவர் நோக்கமன்று. இருந்த விதியை இருக்குமிடத்தில் வைப்பதே நோக்கம். ஒரு பொருள் ஒரு பக்கத்திலோ எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலோ முடிவுறும். வீரன் என்னும் பாத்திர வகையைப் பற்றியன யாவும், அவன் வளர்ச்சிப் பட்டியல் உட்பட, நூலை ஒருமுறை விரித்த அளவில் கண்முன் நிற்கும். பக்கத்தைத் திருப்பும் வேலையில்லை.

அவர்தம் கதைக்கள நூல்களிலும் இந்நெறியே காணப்படுகின்றது. பழைய கதைக்கள நூல்களில் ஓர் அறையின் செய்தி ஒரு நீண்ட பத்தியாக இருக்கும். அறையில் பூதம் இருப்பதனைப் பத்தியின் இறுதி வரியில் கண்டு நடுவர் திகைப்பதும் உண்டு. நார்மனின் விண்டர்ஸ் டாட்டர் போன்ற நூல்களிலோ, அறையிலுள்ள பொருள் ஒவ்வொன்றும் தடித்த எழுத்தில் ஒரு சொல்லாக நிற்கும். அதன் இயல்பு அடைப்புக்குள் சில சொற்களில் தொடரும். நடுவர் தடித்த சொற்களை மட்டும் நோக்கி அறையை விளக்குவார். ஆடுவோர் ஒன்றைப் பற்றி வினவினால் அடைப்பினுள் விடை காண்பார். நூற்பாவும் உரையும் போல, முதற்பார்வைக்குரியதும் அடுத்த பார்வைக்குரியதும் எழுத்தின் தடிப்பினாலேயே வேறுபடுத்தப்படுகின்றன. இதனை அச்சழகு எனல் பொருந்தாது. இது நடுவரின் நினைவாற்றலுக்குச் செய்யும் உதவி.

இதன்கண் இழப்பொன்றும் உளது. 1981-ஆம் ஆண்டுப் புத்தகம் புதியவர்க்கு ஆசிரியராக நின்றது. அதன் நடையில் ஒரு கைபிடித்து அழைத்துச் செல்லும் அன்பு உண்டு. 2019-ஆம் ஆண்டு நூலோ ஆட்டம் அறிந்தவர்க்கே மிகவும் பயன்படும்; முன் அறியாதார்க்கு அதன் சுருக்கம் வறட்சியாகத் தோன்றும். கற்பித்தல், காட்டுதல் என்னும் இருதொழிலுள் ஒன்று உயர மற்றொன்று தாழ்வதை இவ்விரு நூல்களும் தெளிவுறக் காட்டுகின்றன. எந்தப் பக்க அமைப்பும் யார்க்கு நன்று என்னும் வினாவின்றி நன்றென முடிபு செய்தற்கு உரியதன்று.

5. ஓவியம்: ஒரே சொல், இரு பதிப்பு

ஓவியத்துக்கும் இத்தகைய ஒப்பீடு வாய்த்துள்ளது. சுவீடன் நாட்டுப் பெல்லே நில்சன் சொல்லும் யோஹான் நோர் ஓவியமும் பக்க அமைப்புமாக இயற்றிய மோர்க் போர்க் என்னும் நூல் 2020-இல் வெளிவந்தது. பெயரின் பொருள் இருண்ட கோட்டை என்பது. இறுதி நாளை எதிர்நோக்கும் ஓர் உலகம் அதன் களம். அந்நூலின் ஆசிரியர்கள் ஓவியம் நீக்கிய பதிப்பொன்றையும் விலையின்றி வழங்கினர். எனவே அதே விதிகளை ஓவியத்தோடும் ஓவியமின்றியும் ஒருவர் ஒப்பிட்டுக் காணலாம்.

ஓவியப் பதிப்பின் மேலட்டை கண்ணைக் குத்தும் மஞ்சள். உள்ளே மஞ்சளும் கருமையும் இளஞ்சிவப்பும் மாறிமாறி வருகின்றன. ஒரு பக்கத்தின் எழுத்துரு அடுத்த பக்கத்தில் இல்லை. ஓரிடத்தில் எழுத்து பக்கத்தையே நிறைக்கும். பிறிதோரிடத்தில் ஓரத்தில் ஒடுங்கும். ஒழுங்கு உடைந்த உலகை ஒழுங்கு உடைந்த பக்கம் காட்டுகின்றது. இந்நூல் என்னி விருதுகளில், அவ்வாண்டின் பக்க அமைப்புக்கான முதற்பரிசையும் சிறந்த வெளியீட்டுக்கான முதற்பரிசையும் பெற்றது. 2001-இல் தொடங்கிய இவ்விருதுகளைத் துறையினர் பெரிதும் மதிக்கின்றனர். பெருநிறுவனங்களின் பொருட்செலவை இருவர் முயற்சி விஞ்சியது என்பது இதன் பொருள்.

ஓவியமற்ற பதிப்பினைப் படிப்பார்க்கு விதிகள் முழுமையாகவே விளங்கும். சொல்லப்போனால் விரைவாகவும் விளங்கும். அங்ஙனமாயின் ஓவியம் வெறும் அணியோ எனின், அன்று என்பதே எம் முடிபு. காரணம் கூறுவோம்.

இவ்வாட்டத்தில் பாத்திரங்கள் எளிதில் மடியும். விதியை மட்டும் படித்தார்க்கு இஃது ஓர் இடர்ப்பாடாகத் தோன்றும். தம் பாத்திரம் அரைநாழிகையில் மடிவதை எவரே விரும்புவர்? ஓவியப் பதிப்பைப் புரட்டினார்க்கோ இந்த ஐயமே எழுவதில்லை. எலும்பும் அழுகலும் எள்ளலும் கலந்த அப்பக்கங்கள், மடிவதும் இங்கே ஒரு நகைச்சுவை என்பதை விதியைப் படிக்குமுன்னரே உணர்த்திவிடுகின்றன. விதியின் பொருளை மாற்றாது, விதியை ஏற்கும் மனநிலையை ஓவியம் மாற்றுகின்றது. ஆட்டம் மனநிலையால் நடப்பதாகலின், ஓவியம் நீங்கினால் ஆட்டமும் மாறும்.

மற்றொரு சான்று இதனினும் வலியது. இந்நூலில் உலகின் முடிவைக் கணிக்கும் ஒரு நாட்காட்டி உள்ளது. விடியல்தோறும் நடுவர் பகடை உருட்டுவார். தீய எண் விழுந்தால் ஒரு கேடு நிகழும். ஏழாம் கேட்டுடன் உலகம் அழியும், ஆட்டம் முடியும், அப்பொழுது நூலை எரித்துவிடுமாறு விதி கூறுகின்றது. எரிப்பார் மிகச் சிலரே ஆவர். ஆயினும் அவ்விதிக்கு வலிமை தருவது யாது? கையிலிருக்கும் நூல் எரிக்க மனம் வாராத எழிலுடையதாயிருத்தலே. விலையின்றிக் கிடைத்த ஓவியமற்ற தாள்களை எரிப்பதில் இழப்பு யாதும் இல்லை; ஆதலின் அங்கே அவ்விதி உயிரற்றுக் கிடக்கின்றது. சொல் ஒன்றே, நூலின் உடல் வேறுபட்டபொழுது சொல்லின் பொருளும் வேறுபடுகின்றது. ஓவியத்தையும் அச்சையும் புறவுறுப்பு எனக் கருதுவார்க்கு இவ்வொரு விதியே விடையாகும்.

6. ஓவியமும் அமைப்பும் விதியாதல்

இன்னும் ஒருபடி மேற்சென்று, ஓவியத்தையும் அமைப்பையும் விதியாகவே ஆக்கிய நூல்கள் உள. கிரிஸ் மெக்டவல் 2020-இல் வெளியிட்ட எலெக்ட்ரிக் பாஸ்டியன்லேண்டு என்னும் நூலில், தொழிலில் தோற்றவர்களே பாத்திரங்கள். நூற்றுக்கு மேற்பட்ட தோற்ற தொழில்கள் கூறப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அலெக் சோரென்சனின் ஓவியம் உண்டு. நகரத்தின் வரலாறு தனியே விரித்துரைக்கப்படவில்லை. அம்மனிதர்களின் உடையும் நிற்கும் நிலையும் கைப்பொருளும் கண்டு, அவர்களைத் தோற்கச் செய்த நகரம் எத்தகையது என்பதை வாசகரே உய்த்துணர வேண்டும். டேனியல் செல் இயற்றிய ட்ரோய்க்கா என்னும் ஆங்கில நாட்டு நூலும் இந்நெறியதே. முப்பத்தாறு பாத்திரப் பின்புலங்களின் வாயிலாகவே அதன் உலகம் புலனாகின்றது. இந்நூல்களில் ஓவியத்தை நீக்கினால் நிலவியலும் வரலாறும் உடன் நீங்கும்.

பக்க அமைப்பே விதியாவதற்கு 2018-இல் ஷான் மெக்காய் வெளியிட்ட மதர்ஷிப் சான்று. பாத்திரத்தின் செய்திகளை ஆடுவோர் எழுதிக்கொள்ளும் படிவம் எல்லா நூல்களிலும் உண்டு. அது பெரும்பாலும் வெற்றுக் கட்டங்களின் தொகுதி. மெக்காயின் படிவத்திலோ, பாத்திரத்தைப் படைக்கும் முறையே எண்ணும் கோடும் அம்புக்குறியுமாகப் படிவத்தின்மேல் வரையப்பட்டுள்ளது. முதல் எண்ணில் தொடங்கிக் கோட்டின் வழியே சென்றால், முடிவில் பாத்திரம் நிறைவுறும். நூலைப் படியாதவரும் படிவத்தைப் பின்பற்றி ஆடத் தொடங்கலாம். சுருக்கமும் தெளிவுமாகிய இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது என்பர். சொல்லால் அரியது கோட்டால் எளிதாயிற்று.

இவ்வொருமை சிறு பதிப்பகத்தார்க்கு வாய்த்தமைக்குக் காரணம் வெளிப்படை. பெருநிறுவனத்தில் எழுதுவார் ஒருவர், வரைவார் பலர், பக்கம் அமைப்பார் மற்றொருவர். ஓவியர் முழு நூலைப் படித்திரார். குறிப்பொன்றைப் பெற்று வரைவார். சிறு பதிப்பகத்திலோ எழுதுபவரே பக்கம் அமைப்பார். சில வேளைகளில் ஓவியரும் அவரே. அல்ட்ராவயலட் கிராஸ்லேண்ட்ஸ் என்னும் நூலின் சொல்லும் ஓவியமும் லூகா ரெயெக் ஒருவருடையனவே. ஓவியத்துக்கு ஏற்ப விதியைச் சுருக்கவும், விதிக்கு ஏற்ப ஓவியத்தை மாற்றவும் அவர்க்கு உரிமை உண்டு. வறுமையால் வந்த நிலை ஒருமைக்கு வழியாயிற்று. கிக்ஸ்டார்ட்டர் தளம் 2019 பிப்ரவரியில் சிற்றேடுகளுக்கெனத் தனி முயற்சியொன்றைத் தொடங்கியபின், மடித்துத் தைத்த சிறு புத்தகங்கள் பலவாகப் பெருகின. 1974-ஆம் ஆண்டு முதல் நூலின் வடிவத்துக்கே இத்துறை ஒருவகையில் மீண்டது எனலாம்.

7. குறைகள்

இதுகாறும் சிறப்பினைக் கூறினோம். குறையினைக் கூறாதொழிவது நடுநிலையாகாது.

முதற்குறை, காரணமறியாப் போலி. மோர்க் போர்க்கின் ஆசிரியர்கள் பிறரும் அவ்வாட்டத்தை ஒட்டி நூல் இயற்ற இசைவு தந்தனர். அதனால் நன்மை பல விளைந்தன. ஆயினும் உலகின் அழிவைக் காட்ட வந்த மஞ்சளும் உடைந்த எழுத்தும், அழிவோடு தொடர்பில்லாத களங்களிலும் புகுந்தன. காரணத்தோடு உடைக்கப்பட்ட ஒழுங்கு கலை. காரணமின்றி உடைக்கப்பட்டது கலைந்த அச்சுப்பக்கம் அன்றிப் பிறிதில்லை.

இரண்டாவது, படிக்க இயலாமை. கரிய ஓவியத்தின்மேல் நுண்ணிய எழுத்தை அச்சிடுதல் இந்நூல்களில் பெருவழக்கு. மேசை விளக்கின் ஒளியில் நாற்பதைக் கடந்த கண்களுக்கு அஃது எட்டாது. பார்வையற்றோர்க்கு எழுத்தை ஒலியாக்கித் தரும் கருவிகள், ஓவியத்தினுள் வரையப்பட்ட எழுத்தைப் படியாமல் விட்டுவிடும். இவர்களை ஆட்டத்தினின்று விலக்கும் எழில் எழிலாகாது. மோர்க் போர்க்கின் ஓவியமற்ற பதிப்பு இந்நோக்கிலும் பாராட்டத்தக்கது. ஓவியத்தைக் குறைக்காமலே, அதனால் இடர்ப்படுவார்க்கு வேறொரு வாயிலை அது திறந்து வைத்தது. ஏனைப் பதிப்பகத்தாரும் இம்முறையை மேற்கொள்ளுதல் நலம்.

மூன்றாவது, இட்டுநிரப்பும் ஓவியம். பொதுவாக விற்கப்படும் ஓவியங்களை வாங்கிப் பக்கத்தின் வெற்றிடத்தை அடைத்தல் பழைய வழக்கம். ஒரே வாள்வீரன் மூன்று பதிப்பகத்தாரின் நூல்களில் மூன்று பெயரோடு நிற்பான். அவ்வோவியத்தை நீக்கினால் ஆட்டம் மாறாது. எம் அளவையின்படி அதற்கு நூலில் இடமில்லை.

8. ஓவியர் உழைப்பும் பொறியும்

மூன்றாவதாகக் கூறிய குறையே இன்று பெருவடிவம் எடுத்துள்ளது. சில சொற்களை உள்ளிட்டால் ஓவியத்தை ஆக்கித்தரும் கணிப்பொறி முறைகள் 2022 முதல் எவர்க்கும் எட்டும் நிலையை அடைந்தன. ஓவியர்க்குக் கூலி கொடுக்க இயலாத பதிப்பகத்தார் சிலர் அவற்றை நாடினர். பெருநிறுவனமும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. 2023-இல் விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் நிறுவனத்தின் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலொன்றில் சில ஓவியங்கள் பொறியின் உதவியோடு முடிக்கப்பட்டமை வெளிப்பட்டது. அதன்பின் அந்நிறுவனம் அம்முறையைத் தன் ஓவியர்க்கு விலக்கியது. அவ்வாண்டே, பொறியால் ஆக்கியவற்றை வெளிப்படையாகக் கூறல் வேண்டும் எனக் கிக்ஸ்டார்ட்டர் விதித்தது. முன்பு ஓரளவு இடந்தந்த என்னி விருதுக் குழுவினரும், அத்தகைய ஆக்கம் கலந்த நூல்களை இனி ஏற்பதில்லை என 2025-இல் அறிவித்தனர்.

இவ்வினாவைப் பெரும்பாலோர் அறத்தின்பாலும் சட்டத்தின்பாலும் வைத்தே ஆராய்கின்றனர். ஓவியர்தம் படைப்புகளை இசைவின்றிக் கொண்டு பொறியைப் பயிற்றுதல் முறையோ என்னும் கேள்வி பெரிதே. ஆயினும் திறனாய்வின்பால் வைத்துக் காண்பதும் எம் கடன்.

ஓவியம் ஆடுவோர் ஐவர்க்கும் பொதுச்சான்று என்றோம். சான்று கூறுபவர் தாம் கண்டதைக் கூற வேண்டும். பலரும் பொதுவாக எண்ணுவதைக் கூறுவாராயின் அது சான்றாகாது. பொறி ஆக்கும் பூதம் பெரும்பாலும், முன்னரே வரையப்பட்ட எண்ணிறந்த பூதங்களின் சராசரி. ஆடுவோர் உள்ளத்தில் அது முன்னமே உள்ளது. எனவே அவ்வோவியம் அவர்க்குப் புதிதாக ஒன்றும் தருவதில்லை. நீக்கினும் ஆட்டம் மாறுவதில்லை. டிராம்பியர் மேலட்டையில் போரை விட்டுப் போரின் பின்னிலையை வரைந்தமைக்குக் காரணம், இவ்வாட்டம் எத்தகையது என்பதனை அவர் அறிந்திருந்தமை. அத்தெரிவே ஓவியம். கோட்டின் நேர்த்தி அதற்கு அடுத்த நிலையதே.

பொருளற்ற பதிப்பகத்தார் யாது செய்வர் என வினவலாம். இத்துறையின் வரலாறே விடை தருகின்றது. 1974-ஆம் ஆண்டு நூலில் பிறர் கட்டங்களைப் பார்த்து வரைந்த ஓவியங்கள் இன்று வரலாற்றுக் குறிப்பாக மட்டும் எஞ்சின. ஓவியமே இல்லாத 1977-ஆம் ஆண்டுக் கரிய புத்தகங்கள் வடிவத்தால் நினைவில் நிற்கின்றன. கடன் வாங்கிய அழகினும் தனக்குரிய வெறுமை மேலானது. ஒரு கோடும் ஒரு நிறமும் நன்கமைந்த எழுத்தும் கொண்டு ஒரு நூல் தன் உலகை உணர்த்துதல் இயலும். அதற்கும் இயலாதார் தம் கையாலேயே வரையலாம். அக்கோடு திருந்தாததாயினும், நூலை முழுதும் அறிந்தவர் கோடு என்னும் பெருமை அதற்கு உண்டு.

9. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. பாத்திர விளையாட்டு நூலில் ஓவியமும் பக்க அமைப்பும் புறவணிகள் அல்ல, ஆட்டத்தின் உறுப்புகள். பக்க அமைப்பு நடுவரின் கைக்கும் கண்ணுக்கும் துணையாகின்றது. ஓவியம் ஆடுவோர் உள்ளங்களை ஒன்றுபடுத்துகின்றது. எழுதுவாரும் வரைவாரும் நெருங்கி உழைத்தலால் சிறு பதிப்பகத்தார் இவ்விரண்டையும் சொல்லோடு ஒன்றாக்கும் வாய்ப்பினைப் பெற்றுள்ளனர். அவ்வாய்ப்பினைப் போலியாலும் படிக்க இயலா எழிலாலும் இட்டுநிரப்பும் ஓவியத்தாலும் இழப்பதும் அவர் கையதே.

பவணந்தியார் வகுத்த சுருக்கமும் தெளிவும் சொல்லுக்கு மட்டும் உரியன என இனிக் கொள்ளுதல் இயலாது. ஒரு கோடு சுருங்கச் சொல்லவும், ஒரு நிறம் தெளிவுற உணர்த்தவும் கூடும் என்பதை மேற்கூறிய நூல்கள் காட்டின. எனவே இத்தகைய நூல்களைத் திறனாய்வார், சொல்லை ஆராய்ந்து முடித்தபின் ஓவியத்தைப் பற்றி ஓரிரு வரிகளில் பாராட்டிச் செல்லும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். எந்த ஓவியத்தை நீக்கினால் ஆட்டம் மாறும் என்பதையும், எந்தப் பக்கம் தேடுவார்க்கு உடனே விடை தரும் என்பதையும் ஒவ்வொரு நூலிலும் எண்ணிக் காட்டுவதே முறையான திறனாய்வாகும். அங்ஙனம் எண்ணுங்கால் ஓவியர் பெயரும் நூலாசிரியர் பெயருக்கு இணையாக வைத்து எண்ணப்படும்.